பிரிக்காத உறை

திருமுல்லைவாயில்,
நவம்பர் 18

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான்.

இங்கே நான்கு நாளாக விடாத மழை. ஹால் சுவரில் ஓதம் இறங்கி, நான் மாட்டியிருந்த உன் உறைக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. மலைக்கிராமத்துக்கு நீ ஓட்டிய ட்ரோன் தபாலின் முதல் பயணம் என்று முத்திரை குத்தி, பிப்ரவரியில் அனுப்பினாயே, அதுதான். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றியபோது உறையின் ஒட்டு விட்டிருந்தது. உள்ளே உன் கையெழுத்தில் இரண்டு பக்கம்.

அம்மாடி, அதை நேற்றுதான் படித்தேன்.

உறை வந்த அன்று, தபால்தலை சேர்க்கும் நம் யூசுப் பாய் பார்த்துவிட்டு, இதையெல்லாம் பிரிக்கவே கூடாது, பிரித்தால் மதிப்பு போய்விடும் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பெற்றவன் நான்தானே, உள்ளே நீ ஏதாவது எழுதியிருப்பாய் என்று எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும். அன்றே அம்பத்தூர் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டேன். ஆவடி ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ போனில், லெட்டர் வந்துச்சாப்பா, என்ன சொல்றீங்க என்று கேட்டாய். சட்டம் போட்டு மாட்டிக்கீறேம்மா, அல்லாரும் வந்து பாத்துகினு போறாங்க என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

காற்றில் இரண்டு தடவை மெஷின் விழுந்ததும், தபால் பையைத் தேடி நீ தனியாகப் பள்ளத்தில் இறங்கியதும், குளிரில் விரல் மரத்து ரிமோட்டைப் பிடிக்க முடியாமல் போனதும் நேற்று உன் கடிதத்தைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், வா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போடாமல் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ கிளம்பிய அன்று, பாதியில விட்டுட்டு இந்த வாசப்படி ஏறாதே என்று நான் கத்தினேன். அதனால்தான் கேட்டிருக்கிறாய். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை அப்படிப் பேச விட்டிருக்க மாட்டாள். என் பதில் வராமல் நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

வா அம்மா. ஒப்பந்தத்தை விட முடியாதென்றால் லீவு போட்டு நாலு நாள் வா. அதுவும் முடியாதென்றால் நான் ரயில் ஏறி வருகிறேன். பள்ளத்தில் பை தேட இன்னொரு ஆளாக நான் இருக்கிறேன்.

நல்லா இரு. இந்த உறையையும் எடுத்து வைத்துவிடாதே. கைக்கு வந்ததும் கிழித்துப் படி.

உன் அப்பா,
பூபாலன்