முகமூடிக்குள் காட்டிய வழி

செபு

அன்பு மகள் மரிவிக்குக்கு,

குழந்தை இயேசுவின் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ரியாத் ஆஸ்பத்திரியில் அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் தினமும் கருவாட்டுக் கடையைத் திறக்கிறேன். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

பிடிபட்டவர்களோடு நான் மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, மானம் போச்சு, போலீசுக்குத் தொண்டு செஞ்சது போதும், வீட்டுல இரு என்கிறாய். நடந்ததைக் கேள். நோய்க்காகச் சந்தைச் சாலையை மறித்த அன்றிலிருந்து பச்சை மேல்சட்டை மாட்டிக்கொண்டு போலீசாரோடு நிற்கிறேன். எல்லாரும் மணிலாப் பக்கத்து ஆட்கள், நம் பிசாயாப் பேச்சு அவர்களுக்குச் சரியாக ஏறாது, நடுவில் நின்று சொல்லிவிடுவது நான்தான். மீன்காரன் தாசியோ கூடையோடு வந்து எந்த வழி திறந்திருக்கிறது என்று ஒரு கான்ஸ்டபிளைக் கேட்டான். அவர் நாம் எல்லோரும் செய்கிற மாதிரி கையை நீட்டாமல் உதட்டைக் குவித்து இடப்பக்கம் காட்டினார். உதடு முகமூடிக்குள்ளே! தாசியோ கண்டது வெறும் துணி. நேரே போய் அடைத்து வைத்த சந்தில் நுழைந்துவிட்டான். பிடித்து மைதானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், பக்கத்தில் மீன் நாறுகிறது.

நான் சார்ஜென்ட் டிமாயுகாவிடம் போய், "ஐயா, அவன் கேட்டது நிஜம், உங்காளு காட்டினதும் நிஜம், நடுவுல துணிதான் குத்தவாளி, வேணும்னா அதைப் பிடிச்சு உட்கார வைங்க" என்றேன். கான்ஸ்டபிள்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம். "மனாங், நீங்க எங்க பக்கமா, அவன் பக்கமா?" என்று அக்கா முறை வைத்தே கேட்டார். நான் அந்தப் பச்சைச் சட்டையோடேயே தாசியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஊரே போனைத் தூக்கி வீடியோ எடுத்தது. கொஞ்ச நேரத்தில் அவனை விட்டுவிட்டார்கள், மீன்தான் போச்சு. பக்கத்துக் கடை பெட்டிங், "போலீசாப் போயி கைதியாத் திரும்புன ஆளு நீங்கதான் மனாங்" என்கிறாள். சொல்லட்டும்.

இப்போது மன்னிப்புக் கேள், இல்லையென்றால் சட்டையைத் திருப்பிக் கொடு என்று சார்ஜென்ட் ஆள் அனுப்பியிருக்கிறார். இரண்டும் நடக்காது. சட்டையைத் தந்தது ஊர்த்தலைவர், அவர் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். நோய் பரவிச் சந்தை நின்றால் என் கடையும் நிற்கும், அந்தக் கணக்கும் எனக்கு இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் நான் விலகிவிட்டால் அடுத்த தாசியோவுக்காக வாய் திறக்க அங்கே யார் இருக்கிறார்கள்? முகம் தெரியாதவர்களுக்காக நீ அங்கே நோய்க்கு நடுவில் நிற்கிறாய், நான் ஒருநாளாவது உன்னை வீட்டில் இரு என்றேனா?

கையுறையைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவு, வேளைக்குச் சோறு தின்னு, கடவுள் உன்னைக் காக்கட்டும். நாளைக் காலையில் போன் செய்யாதே, தடுப்பில் நிற்பேன், எடுக்க முடியாது.

உன் அம்மா,
பிரிமிதிவா