லவுட்ஸ்பீக்கரின் ஆலோசனை மேசை

அனுப்புநர்:
நான்காம் ஆண்டு செவிலியர் மாணவி,
பெண்கள் விடுதி, மாடியில் கடைசி அறை.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
சுகாதார அறிவியல் கல்லூரி.

பொருள்: எச்.ஐ.வி., பால்வினை நோய் விழிப்புணர்வுக் குழுவின் தலைமை தகுதியற்றவரிடம் இருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விழிப்புணர்வுத் தேர்வில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது. ஆனால் குழுத் தலைமை, 'லவுட்ஸ்பீக்கர்' என்று எல்லோரும் அழைக்கும் பிசியோதெரபி மாணவிக்குத் தரப்பட்டது. அவர் அந்தத் தேர்வில் தேறியதே பெரிய விஷயம்.

2. கேன்டீன் வாசலில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஆலோசனை மேசை. என் மேசையில் படங்களும் அட்டவணைகளும் ஒழுங்காக இருக்கும், யாரும் வருவதில்லை. அவர் மேசையில் பிஸ்கட் பாக்கெட்டும் ஆணுறைப் பெட்டியும் ஒன்றாகக் கிடக்கும். சுற்றி நிற்க இடமிருக்காது. பார்த்தால் வயிறு எரிகிறது ஐயா, மறைப்பானேன்.

3. அவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. லேப் டெக்னீசியன் படிப்பில் இருக்கும் என் தங்கைக்கு, எச்.ஐ.வி. உள்ள ஒரு நோயாளியிடம் ரத்தம் எடுத்த ஊசி விரலில் குத்திவிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரே அறையில் படுக்கும் என்னிடம் அவள் மூச்சு விடவில்லை. லவுட்ஸ்பீக்கரிடம் ஓடியிருக்கிறாள். அவர் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போய்த் தடுப்பு மாத்திரை தொடங்க வைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் இருவரும் என்னிடம் ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

4. ஊசி குத்தியது தெரியாமல், தலையணைக்கு அடியில் அந்த மாத்திரையைப் பார்த்ததும், "யாருடி அவன்?" என்று கேட்டேன். எந்த அக்காவும் கேட்பதுதான். ஊசி வழியாகவும் தொற்றும் என்பது தேர்வில் நான் எழுதிய முதல் விடை. தங்கை அழவில்லை. "இதுக்குத்தான்க்கா உன்கிட்ட சொல்லல" என்றாள். அத்தோடு திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

5. அவளுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் திங்கட்கிழமை. முடிவு சொல்லும் அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்களாம். தங்கை லவுட்ஸ்பீக்கர் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே ஐயா, தலைமையை அவரே வைத்துக்கொள்ளட்டும். என் மேசையையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் அவருக்கு வெளியே எங்காவது பணி ஒதுக்கித் தரும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். வேறு ஆளில்லை என்றால் தங்கை என்னைக் கூப்பிடுவாள். கூப்பிடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

இடம்: விடுதி
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
செவிலியர் மாணவி,
மேற்படி தங்கையின் உடன்பிறந்த அக்கா.