கேப்டனின் விமானத்தில் ஒரு ஜன்னல் கூடுதல்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

ரயிலடிக் காப்பிக்கடையில் இன்று நம் மாமன்றம் கூடியது. மாமன்றம் என்றால் நான், மெத்தோடி, காலி நாற்காலிகள். ஓய்வுபெற்ற உள்ளூர் விமானங்களின் பொம்மைகளைச் சேர்ப்பதில் இந்த ருசே நகரத்தில், ஏன், டான்யூப் ஆற்றின் இரு கரையிலும் எங்களை மிஞ்ச ஆளில்லை. (மற்றவர்கள் செத்துப்போனார்கள்.)

மெத்தோடி புதிதாகப் பிடித்த ஆன்-24ஐ மேஜையில் வைத்தான். உள்ளங்கை நீளம், பக்கத்துக்கு ஒரு விசிறி. இதன் நிஜ விமானம் இப்போது கடலோரத்தில் எங்கோ சாராயக்கடையாக நிற்கிறதாம். நான் சும்மா விடுவேனா? "அது கடைசியா வார்னாவுக்குப் போனப்ப எதிர்க்காத்து அடிச்ச அடியில பின்னாலயே பறந்து, கிளம்புறதுக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துடுச்சு" என்றேன்.

மெத்தோடி ஆயுள் முழுக்க டிராலி பஸ் ஓட்டியவன். சிரிக்காமல் கேட்டான்: "நீ எதுல உக்காந்திருந்தே? இறக்கையிலயா?"

கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் அளப்பேன். ஆனால் பொம்மையில் ஒரு கோடு மாறியிருந்தால் எனக்கு ரொட்டி இறங்காது. பல்செட் செய்து பிழைத்த கை இது. ருசேயில் பாதிப்பேர் என் பல்லால்தான் மெல்லுகிறார்கள். மீதிப்பேர் என் பல்லைக் கடித்துக்கொண்டுதான் என்னைத் திட்டுகிறார்கள்.

வீடு திரும்பினால் வாசலில் கீழ்வீட்டு ராயினா அக்கா, கையில் செருப்பு டப்பாவோடு. உள்ளே அவள் கணவர் கேப்டன் வெலிச்கோவின் யாக்-40 பொம்மை. ஒரு இறக்கை தனியாகக் கிடந்தது. நிஜ யாக்-40ஐ ருசேக்கும் சோபியாவுக்கும் ஓட்டியவர் அவர். வால்பக்கம் மூன்று எஞ்சின், பின்னாலேயே படி இறங்கும் குட்டி விமானம். இப்போது விமானமும் இல்லை, விமான நிலையமும் இல்லை, கேப்டனும் இல்லை.

"சிகாகோலேர்ந்து ஓகி வர்றான்டா. அப்பா சாவுக்குக்கூட வர முடியலை அவனால. என்னடா வேணும்னா, இந்தப் பொம்மைதான் வேணுங்கறான். இறக்கையை மட்டும் ஒட்டிக் குடு, லம்போ."

"ஒட்டுறதா? பறக்கவே வெச்சுத் தர்றேன் அக்கா."

"ஒட்டினா போதும்."

ஜனவரி 22

இறக்கை ஒட்டியாயிற்று. ஆனால், கடவுளே, எஞ்சினுக்கு அடியில் ஒரு ஜன்னல்! முட்டை மஞ்சள் நிறத்தில், கோணல் வாயோடு! எந்தக் குருடன் செய்த வேலை இது?

ஜனவரி 26, ஞாயிறு

எழுதி வைத்துக்கொள், வரலாறே: இன்று ஹரலாம்பி ஆகிய நான் விமானவியலுக்கு நேர்ந்த ஒரு களங்கத்தைத் துடைத்தேன். அந்த இடத்தில் உலகத்தில் எந்த யாக்-40க்கும் ஜன்னல் கிடையாது. இருந்தால், பயணி எட்டிப் பார்த்த மறுகணம் மூக்கு எஞ்சினுக்குள் போய்விடும்.

வெள்ளை, மேலே நீலப் பட்டை, அதன்மேல் மெருகு. முறைப்படி பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் புதியது சரியாகப் பிடிக்காது. அலமாரியிலிருந்து ராக்கியாச் சாராயம் அழைத்தது. தேய்க்காமல் மேலேயே பூசிவிட்டேன். மெத்தோடிக்குத் தெரியக் கூடாது.

பிப்ரவரி 2

மெத்தோடி பூதக்கண்ணாடி வைத்து மூக்கிலிருந்து வால்வரை பார்த்தான். "ஒரு தப்பு இல்லடா லம்போ" என்றான். அவன் கல்யாணத்தில்கூட இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"சூரியனே இறங்கி வந்து இதுமேல உக்காந்தாலும் என் பெயிண்ட் உதிராது" என்றேன்.

பிப்ரவரி 10

என் பெயர் நாள். புனித ஹரலாம்பிக்கு உரிய நாள், தேனுக்கும் உரிய நாள். அழைப்பு வேண்டாம், கதவைத் திறந்து வைத்தால் போதும், ஊர் வரும். மெத்தோடி வந்தான், மாடிக்காரர்கள் வந்தார்கள், ராயினா அக்கா தேன் ஜாடியோடு வந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று யாக்-40ஐ மேஜை நடுவில், கேக்குக்கும் ராக்கியாவுக்கும் இடையில், மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தேன்.

அக்கா அதைக் கையில் எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"ஓகியோட ஜன்னல் எங்கடா?"

"எந்த ஜன்னல்?"

"மஞ்சளா ஒண்ணு இருக்குமே. அவன் போட்டது. ஆறு வயசுல அப்பாகூட வர்றேன்னு ஒரே அழுகை. இவரு சொன்னாரு, 'சீட்டெல்லாம் ரொம்பிப்போச்சுடா, உனக்கு நீயே ஒரு ஜன்னல் போட்டுக்க, நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கறேன்'னு. பள்ளிக்கூடத்து வாட்டர் கலர்ல போட்டான். அப்புறம் ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்ததும் இவரு தொப்பியைக் கழட்டுறதுக்கு முன்னாடி, 'பின்னால உக்காந்து வந்தியா? என்ன பாத்தே?'ம்பாரு. இவன் சொல்லுவான் பாரு, யானை பாத்தேன், கடல் பாத்தேன்னு. சோபியா வழியில கடலு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேஜையைச் சுற்றி இத்தனை பேர். அப்போதுதான் மெத்தோடி எல்லாருக்கும் என் திறமையைப் பற்றிப் பிரசங்கம் செய்து முடித்திருந்தான். என் நாக்கு, பொய்க்கென்றே கடவுள் வார்த்த என் நாக்கு, தானாகப் புரண்டது:

"அக்கா, நீங்க குளிருக்குப் போடுற ரேடியேட்டருக்கு மேல வெச்சிருந்தீங்கள்ல. சூட்டுல பெயிண்ட் உதிர்ந்துடுச்சு. எங்கிட்ட வரும்போதே அது இல்லை."

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

"விடுங்கக்கா" என்றேன். விடுங்கக்கா! எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

பிப்ரவரி 11

தேன் ஜாடியைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 15

மேல்பூச்சைக் கரைத்து எடுத்தால் என்ன? எடுக்கலாம். ஆனால் என் பெயிண்ட் கரையும்போதே பையனின் வாட்டர் கலரும் கூடவே போய்விடும். அது அடியில் இருக்கிறது. நான்தான் மேலே படுத்திருக்கிறேன்.

சரி, போலியாக ஒரு ஜன்னல் போட்டுவிடுவோம் என்று உடைந்த பொம்மை ஒன்றில் பழகிப் பார்த்தேன். நேராக வந்தது. வேண்டுமென்றே கோணலாக்கினேன், நேர்த்தியான கோணலாக வந்தது. இடது கையால் போட்டேன். குழந்தையாக நடிக்கும் ஒரு கிழவனின் ஜன்னல் வந்தது. வாயில் பல்லில்லாதவர்களுக்கெல்லாம் அவரவர் பல் மாதிரியே செய்து கொடுத்தவனுக்கு ஆறு வயதுப் பையனின் ஒரு சதுரம் போட வரவில்லை.

பிப்ரவரி 27

ஓகி வந்துவிட்டான். படியில் பார்த்தேன். காதோரம் நரை, கேப்டனின் அதே தோள். "லம்போ மாமா! நீங்க கட்டின பல்லு அம்மாவுக்கு இன்னும் ஆடலையாம். என்னைத் திட்டும்போதுகூட ஆடலை" என்று கட்டிப்பிடித்தான்.

பொம்மை கேட்டான். மறுபடி பூசிய மெருகு இன்னும் காயவில்லை என்றேன். மறுபடி பூசவே இல்லை; பழையது காய்ந்து ஒரு மாதமாகிறது.

மார்ச் 2, ஞாயிறு

நோன்புக்கு முந்தின ஞாயிறு. மன்னிப்பு ஞாயிறு. சின்னவர் பெரியவரிடம் போய் "மன்னிச்சிடுங்க" என்பார், பெரியவர் "கடவுள் மன்னிப்பார்" என்பார். என்ன தப்பு என்று அவரும் சொல்ல வேண்டாம், இவரும் கேட்க வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவன் என்னைப் போல ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். காலையிலிருந்தே குஷி. கீழே போவோம், வழக்கம்போலக் கேட்போம், அக்கா வழக்கம்போலச் சொல்லிவிடுவாள். ஜன்னலும் அந்தக் கணக்கில் சேர்ந்து கரைந்துவிடும். ரசீது கூடக் கேட்க வேண்டாம்.

பொம்மையையும் கொண்டுபோனேன். முதலில் அல்வா விளையாட்டு. கூரையிலிருந்து நூலில் அல்வாத் துண்டைக் கட்டி ஓகி சுற்றிவிட்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் பிடிக்க வேண்டும். என் மூக்கில் இரண்டு தரம் மோதியது. "மாமா, வாயைத் திறங்க, கதை சொல்லும்போது திறக்குற மாதிரி!" என்றான் ஓகி. அக்கா கண்ணில் நீர்வரச் சிரித்தாள்.

பிறகு குனிந்து அவள் கையை முத்தமிட்டேன். "மன்னிச்சிடுங்கக்கா."

"கடவுள் மன்னிப்பார்." கையை விடவில்லை. "நீயும் என்னை மன்னிச்சிடு லம்போ. ஓகி, நீயும்டா. உங்கப்பா பொம்மையைப் போய் ரேடியேட்டர் மேல வெச்சு, உன் ஜன்னலை… எனக்குத் தெரியாமப் போச்சுடா."

பெற்றவள் பிள்ளையிடம் கேட்கிறாள். ஓகி பொம்மையைத் திருப்பிப் பார்த்தான். வெறும் வெள்ளையை விரலால் ஒருமுறை தடவினான். "பரவால்லம்மா" என்றான்.  பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் முறை அல்லவா.

"கடவுள் மன்னிப்பார்" என்றேன்.

சீ.

நான் மன்னிச்சேனாம்! யாரை? எதுக்கு? என் திருட்டுக்கு அவ மாப்பு கேக்கிறா, நான் மேல உக்காந்து ஆசீர்வாதம் பண்ணிட்டு, மிச்ச அல்வாவையும் தின்னுட்டு வந்திருக்கேன். தின்னேன்டா. இன்னும் பல்லுல ஒட்டிக்கிட்டிருக்கு.

மார்ச் 3

நாட்டின் விடுதலைத் திருநாள். எல்லா மாடியிலும் கொடி. கீழே போனேன். கதையில் வீரம் காட்டி எத்தனை விமானத்தைத் தரையிறக்கியிருக்கிறேன். இன்று ஒரு மாடி இறங்குவதற்குள் இரண்டு தரம் திரும்பி ஏறிவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். "அக்கா, அது உதிரலை. நான்தான் மூடினேன். தப்பான எடத்துல இருக்குன்னு மூடினேன். அப்புறம் உங்க மேல பழி போட்டேன்."

அக்கா கையில் கரண்டி. அடுப்பில் பீன்ஸ் சூப். திரும்பவில்லை.

ஓகிதான் கேட்டான். "தப்பான எடமா?"

"எஞ்சின் இருக்குற எடம்."

"மாமா, உங்களுக்குத் தெரிஞ்சது எங்கப்பாவுக்குத் தெரியாதா? அதை ஓட்டினவரே அவருதான்." கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்தவில்லை. "ஊருக்கெல்லாம் அளப்பீங்களே, விமானம் பின்னால பறந்துச்சு, ஆடு எந்திரிச்சு சல்யூட் அடிச்சுதுன்னு. அதெல்லாம் இருக்கலாம். எனக்கு ஒரு ஜன்னல் இருக்கக் கூடாதா?"

  

பொம்மையை என் பக்கம் தள்ளினான். "இது கம்பெனியோட விமானம். நல்லாத்தான் இருக்கு. எங்கப்பாவோடது வேற."

நான் எடுக்கவில்லை. எடுக்கத் தகுதியில்லை. மேஜையிலேயே கிடந்தது. வெளியே வரும்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்: "நேத்து நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். கடவுள் மன்னிக்கிறது அவர் இஷ்டம்."

மார்ச் 8

ஓகி சிகாகோ திரும்பினான். பெட்டியை நானும் தூக்கினேன். விட்டான், ஆனால் மாமா என்று கூப்பிடவில்லை. பொம்மை பெட்டியில் இல்லை.

மார்ச் 16

மெத்தோடியிடம் சொன்னேன். தேய்க்காமல் பூசியதையும் சேர்த்து.

"கூட ஒண்ணும் சேக்காமச் சொன்னியா?"

"ஆமா."

"அப்ப நெசந்தான்" என்று காப்பியை என் பக்கம் நகர்த்தினான். தன் காப்பியைக் குடித்து முடித்து, "தேய்க்காமப் பூசினியாடா, கசாப்புக்காரா" என்றான்.

மார்ச் 23

குழாய் சொட்டுகிறதா என்று கேட்கிற சாக்கில் அக்கா கதவைத் தட்டினேன். குழாய் சொட்டவில்லை. உள்ளே யாக்-40 ரேடியேட்டருக்கு மேலே நின்றது. அடுப்பங்கரைத் துணி காய்வதுபோல.

"அக்கா, அங்க வெச்சா…"

"சூட்டுல உதிரும்னு நீதானே சொன்னே? உதிரட்டும்."

"என் பெயிண்ட் உதிராதுக்கா."

"உன் வாய்ல வந்த பொய்யி ஒண்ணாவது உண்மையாகட்டும்டா. பாக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாரு."

ஏப்ரல் 20

ஈஸ்டர். இந்த வாரத்தோடு ரேடியேட்டர் நின்றது. உதிரவில்லை. அக்கா எனக்கு ஒரு சிவப்பு முட்டை கொடுத்தாள். யார் முட்டை உடையாமல் நிற்கிறது என்று மோதிப் பார்க்கலாமா என்றேன். "உன்னோடயா? போடா" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ரேடியேட்டர் மறுபடி சூடு. நானும் மறுபடி ஆஜர். கண்ணாடி போட்டு இரண்டு பேரும் பார்க்கிறோம். பளபளவென்று நிற்கிறது, என் ஆணவம், மூன்று பூச்சு. சூரியனே வந்து உட்கார்ந்தாலும் என்று சொன்னேனே. கடவுள் நான் சொன்னதிலேயே இதை மட்டும் காதில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

வெளியே கடும் பனி. ரேடியேட்டர் தொட்டால் சுடுகிறது. மாமன்றத்துக்குப் போகும் முன் கீழே போனேன். அக்கா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். போனில் ஓகி, படத்தோடு.

"சத்தம் போடாதே, இங்க வா" என்றாள்.

எஞ்சினுக்கு அடியில், தேய்க்காமல் நான் பூசிய அதே இடத்தில், வெள்ளை மயிரிழையாக வெடித்திருந்தது. ஒரு செதில் நுனியில் எழும்பி நின்றது. அக்கா என்னைத் தொட விடவில்லை. அவளே நகத்தால், முட்டை உரிப்பதுபோல, மெல்ல.

கடுகளவு மஞ்சள்.

"மாமா இருக்காரா?" என்று போனில் ஓகியின் குரல். பத்து மாதத்துக்குப் பிறகு என்னை மாமா என்கிறான். "சொல்லுங்க மாமா. அளக்காமச் சொல்லுங்க. என்ன தெரியுது?"

"ஒரு மூலை" என்றேன். "கோணலா இருக்கு."