பக்கத்து அறைக்குப் போகும் மனு

என் குண்டுமணிக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் பேச்சை விடக் காற்றுதான் அதிகம் வருகிறது.

உன் பெண்டாட்டிக்கு உன் தண்ணீர் வாரிய ஆபீசிலேயே வேலை கொடுத்திருக்கிறார்கள். வருகிற தபாலை வாங்கி சீல் குத்துகிற இடம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதற்குப் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். இந்த குவார்ட்டர்ஸ் வீடும் அந்த வேலையை நம்பித்தான் நிற்கிறது.

வால்வு குழிக்குள் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாயே, யாரும் சொல்லாமல் நீயாகத்தான் இறங்கினாய் என்கிறார்கள். என்னால் அதை விழுங்க முடியவில்லை. தகவல் அறியும் சட்டத்தில் அந்த ஆபீசுக்கே மனுப் போட்டேன். என் பிள்ளையை இறங்கச் சொன்னது யார், உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா என்று எழுதிவிட்டேன். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விளக்கம் தர இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

கோர்ட் வாசலில் மனு எழுதித் தருகிற கண்ணாடிக்காரரிடம் எடுத்துப் போனேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மனசாட்சி எந்த ஃபைல்லம்மா இருக்கும்? இருக்கிற காகிதத்தைத்தான் கேட்கணும்" என்றார். அதே ஆபீசில் மேலே இருப்பவருக்கு, முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டுமாம். அதில் புதிதாக எதையும் கேட்கக் கூடாதாம். நான் கேட்டதற்கு விடை அன்றைய வேலைப் பதிவேட்டில் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் நகல் போதும், எந்தச் சட்டப்பிரிவில் மறுத்தார்கள் என்று அவர்கள் சொல்லவே இல்லை. இதை மட்டும் எழுதி, பழைய மனுவையும் பதிலையும் பின்னால் சேர்த்துக் கொடுத்தார். நான் அழுத வரிகளை எல்லாம் அடித்துவிட்டார். மிச்சம் அரைப் பக்கம்கூட இல்லை.

மேலே இருப்பவர் யார் தெரியுமா? அந்தப் பெரிய அதிகாரியேதான். மறுத்தவருக்குப் பக்கத்து அறை. இரண்டு பேருக்கும் ஒரே டீ ஃபிளாஸ்க்.

மனுவைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தேன். உறை மாற்றும்போது உன் பெண்டாட்டி எடுத்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சோறு போட்டுக்கொண்டே, "நாளைக்குக் கடைசி நாள் அத்தை. எடுத்துட்டு வாங்க, நானே சீல் குத்தித் தேதி போடுறேன். அப்புறம் வரவே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது" என்றாள். வேலைக்கு ஏதாவது வந்தால் என்னடி செய்வாய் என்றேன். ஒன்றும் ஆகாது என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கொடுக்காவிட்டால் உன்மேல் போட்ட பழி அப்படியே நிற்கும். கொடுத்தால் இந்தப் பெண்ணின் சோற்றில் நானே மண்ணைப் போட்டவள் ஆவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிறேன்.

எங்கே இருந்தாலும் நல்ல காற்றாக வாங்கிக்கொண்டு இரு, ராசா. உன்னை இறங்கச் சொன்னது யார் என்று ஊரையெல்லாம் கேட்கிறேனே, இவளை இப்போது இறங்கச் சொல்வது நான்தானா?

உன் அம்மா