சேவியரின் மதிப்பெண் நிரல்

12.8.99, வியாழன்.

கல்லூரிக் கணினியின் லினக்ஸுக்குப் புதிய பதிப்பு போட்டாயிற்று. நிரல் வரிகளைக் கணினி ஓட்டும் வடிவுக்குத் தொகுக்கும் பழைய கம்பைலரை நீக்குமுன் எல்லா நிரல்களையும் புதியதில் தொகுத்துப் பார்த்தேன். நண்பன் சேவியர் எழுதிய மதிப்பெண் கணக்கிடும் நிரலை மட்டும் அது ஏற்கவில்லை. அவன் இறந்து ஒரு மாதம். அவன் வரிகளில் கைவைக்க எனக்கு மனமில்லை.

"பழைய கம்பைலரும் இருக்கட்டுமே" என்றேன்.

"டிஸ்கில இடமில்ல வே. ஏற்கெனவே தொகுத்தது ஓடத்தானே செய்யுது? தூக்கும்" என்றார், இரங்கல் கூட்டத்தில் அவனை என்றும் மறவோம் என்று பேசிய துறைத்தலைவர்.

நிரல் ஓடத் தேவையான லைப்ரரி கோப்புகளை விட்டுவிட்டுக் கம்பைலரை மட்டும் நீக்கினேன். ஓடியது. ஆங்கில எழுத்தில் அவன் எழுதிவைத்த கடைசி வரியும் வழக்கம்போலத் திரையில் வந்தது: "பிழை இருந்தா சொல்லும் வே, இப்பவே திருத்துதேன்."

எல்லா மதிப்பெண்களையும் சரிபார்த்தேன். பிழை ஒன்றுமில்லை. ஒன்றாவது இருந்திருக்கலாம்.