மேல் முன்பல் இரண்டு

ஜூன் 2, திங்கள்

காற்று. விடிந்ததிலிருந்து ஒரே காற்று. பதுளை டவுன் முழுக்கத் தூசி. கிளினிக் கண்ணாடிக் கதவைத் துடைக்கத் துடைக்க அப்படியே.

இன்றோடு அட்டை கிடையாது. டொக்டர் ஒரு டெப் வாங்கிவிட்டார், இனி எல்லாம் அந்தத் திரையில்தான். இத்தனை வருசமாக நான் எழுதி, ரப்பர் பட்டி போட்டு, அகர வரிசையில் அடுக்கிய நோயாளர் அட்டை எல்லாம் பால்மா பெட்டிகளில், பின்னறையில், உடைந்த கதிரைக்குப் பக்கத்தில். வயிறு எரிகிறது.

சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒருத்தி. வாயைத் திறந்தால் சிரிப்பு. நல்ல பல்லாம். நான் பார்க்காத பல்லா?

அவள் சொன்னது, மறந்தால் டொக்டர் கத்துவார்:
- பெயர், வயது, ஃபோன் நம்பர். நம்பர் இல்லாமல் ஃபைல் திறக்காது.
- வாயைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். வேலைக்கு முன், வேலைக்குப் பின்.
- பழைய வியாதி, குடிக்கும் மருந்து, பல் எப்படிப் போனது, எல்லாம்.
- "சம்மதம்" என்று ஒரு கட்டம். ஆளுக்கு வாசித்துக் காட்டி டிக் போட வேண்டும்.
- வேலை முடிந்ததும் முழு ஃபைலும் அந்த ஆளின் வாட்ஸ்அப்புக்குத் தானாகப் போகும்.
- கேள்விகளை ஒன்றுவிடாமல் நிரப்பினால் மேலே ஒரு பச்சை வட்டம் வரும்.

டொக்டருக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசுவதும் "வாய் திற, துப்பு" வரைக்கும்தான். ஆகவே தமிழ் ஆட்களிடம் கேட்பது, எழுதுவது, டிக் போடுவது எல்லாம் நான். "ஸ்டெல்லா, இனிமேல் நீதான் இந்தக் கிளினிக்கின் மூளை" என்றார் சிங்களத்தில். மூளைக்குப் பகல் சாப்பாடு மீன் அடைத்த ஒரு மாலு பனிஸ்.

அம்மாவின் பிரஷர் குளிசை மறந்துவிட்டது. நாளைக்கு.

ஜூன் 3, செவ்வாய்

தேயிலைத் தோட்டத்துச் சனம் நம்பர் சொல்கிற அழகு இருக்கிறதே. வரிசை வீட்டு லயம் ஒன்றுக்கே ஒரு நம்பர்.

"ஒங்க நம்பரு?"

"நமக்கேது மிஸ் ஃபோனு? பக்கத்து காம்பரா மணியண்ணன் நம்பரப் போட்டுக்கங்க."

"மணியண்ணனுக்கா பல்லு வலி?"

"இல்லீங்க, எனக்குத்தான்."

அடுத்து வந்தவளுக்கும் அதே மணியண்ணன். அவளுக்கு அடுத்தவருக்கும். இன்றைக்கு மணியண்ணன் ஃபோனைத் திறந்தால் லயத்து வாயெல்லாம் திறந்து கிடக்கும். நன்றாகப் பார்க்கட்டும்.

சம்மதக் கட்டம்: முதல் ஆளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கொட்டாவி விட்டார். வெற்றிலை வாடை முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் நானே டிக். கேட்டால் மட்டும் என்ன சொல்லப் போகிறார்கள்? "நீங்க பாத்து செய்ங்க மிஸ்." நான் பார்த்துச் செய்கிறேன்.

சாயந்தரம் டொக்டர் டெப்பைப் புரட்டினார். எல்லாம் பச்சை. தமிழ் தெரியாவிட்டாலும் பச்சை தெரியும். "வெரி குட்" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. சிரிப்பு வருகிறது, இந்த வயதில் ஒரு வட்டத்துக்காக.

குளிசை வாங்கினேன்.

ஜூன் 4, புதன்

காற்று நின்று வெக்கை. ஏசி வேலை செய்யவில்லை.

புவனேஸ்வரி என்று ஒரு பிள்ளை. ஹாலிஎலைக்கு மேலே உள்ள தோட்டம். தாயோடு வந்தாள். தாய் பாதி நாள் கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள், செருப்பெல்லாம் சிவப்பு மண். நான் துடைத்த தரை. "வெளிய தட்டிட்டு வரத் தெரியாதா?" என்று கத்தினேன். இரண்டு பேரும் வெளியே போய்த் தட்டிவிட்டு வந்தார்கள்.

பிள்ளைக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கொழும்பில் ஹோட்டல் வேலை. அவர்கள் ஹாலிஎல டவுன், சொந்த வீடு. லயத்துப் பிள்ளைக்கு அது பெரிய இடம். விசயம் என்னவென்றால் இவளுக்கு மேல் முன்பல் இரண்டும் கட்டின பல். எப்போதோ பெரியாஸ்பத்திரியில் கட்டிய செட், இப்போது லூஸ், சிரித்தால் கழன்று நாக்கில் விழுகிறது. கல்யாணத்துக்கு முன் புதுசு வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தாய் இதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள், தன் பல்தான் கட்டுப்பல் என்கிற மாதிரி.

டொக்டர் அச்சு எடுத்தார். நான் கேள்வி.

"பல்லு எப்படிப் போச்சு?"

தாய் சுவரைப் பார்த்தாள். மகள்தான் பதில்.

"அப்பா அடிச்சது மிஸ். குடிச்சிட்டு வந்து. வெறகுக் கட்டையால. ஸ்கூல் போற வயசுல."

நான் டைப் செய்வதைக் கண்டுவிட்டாள்.

"ஐயோ, அத எழுதாதீங்க மிஸ். கால் வழுக்கி விழுந்துட்டேன்னு போடுங்க."

"ரெக்கோர்ட்ல பொய் போட ஏலாது. டொக்டருக்கு உண்மை தெரியணும்."

"டொக்டருக்கு வாயால சொல்லுங்க மிஸ். எழுத மட்டும் வேணாம்."

"இத யாரு பாக்கப் போறா? ஒனக்குத்தான் வரும்."

"எனக்கு மட்டுந்தானே மிஸ்?"

"ஒன் நம்பருதானே?"

முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஃபோனை எடுத்துக் காட்டினாள். கண்ணாடி மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை கொடுத்ததாம், சிம்மும் போட்டு. நம்பர் மனப்பாடம் இல்லை, கவருக்குள் துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருந்தாள். அப்பாடா, மணியண்ணன் இல்லாத ஒருத்தி.

எழுதினேன். "மேல் முன்பல் இரண்டு. தகப்பன் குடித்துவிட்டு விறகுக் கட்டையால் அடித்ததில் போனவை." டிக். பச்சை.

விழுந்தது என்று போட்டாலும் பச்சைதான் வந்திருக்கும். மனம் வரவில்லை. என் ஃபைலில் எதற்குப் பொய்?

ஜூன் 6, வெள்ளி

டொக்டர் பண்டாரவளைக் கூட்டத்துக்குப் போய் என் ஃபைல்களை மற்ற டொக்டர்மாருக்குக் காட்டினாராம். "இதெல்லாம் என் ஸ்டெல்லா." என் ஸ்டெல்லாவுக்கு ஏசி எப்போது திருத்துவீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

வீட்டில் சோறு, பருப்பு, கருவாடு. சாப்பிடும்போது அம்மாவிடம் அந்தப் புவனேஸ்வரி கதையைச் சொன்னேன், சுவாரசியத்துக்கு. அம்மா கை நின்றுவிட்டது.

"அந்தப் புள்ள எழுத வேணான்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"அப்பறம் ஏன்டி எழுதுன?"

"ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா. சிஸ்டம்."

"ஆமா, எனக்கு வெளங்காதுதான்" என்று எழுந்து போய் டிவியில் நாடகம் போட்டாள். சத்தமாக. அம்மாவும் லயத்தில் பிறந்தவள் என்பதை இப்படி அவ்வப்போது ஞாபகப்படுத்தாமல் இருக்க மாட்டாள். எரிச்சல்.

ஜூன் 10, செவ்வாய்

போசன் பௌர்ணமி லீவு. துணி துவைத்தேன். தன்சல் பந்தலில் இலவச ஐஸ்கிரீமுக்குக் கிலோமீட்டர் வரிசை. நின்றேன். என் முறை வரும்போது முடிந்துவிட்டது. வேறென்ன வரும் எனக்கு.

ஜூன் 12, வியாழன்

புவனேஸ்வரிக்குச் செட் மாட்டியாயிற்று. டொக்டர் கை ராசி, கச்சிதம். கண்ணாடியைக் கொடுத்தேன். முதலில் வாயை மூடிக்கொண்டே பார்த்தாள், பிறகு பயந்து பயந்து சிரித்தாள், பிறகு சத்தமாகவே சிரித்தாள். கழன்று விழவில்லை. தாய் அழுதாள். நான் டிஷ்யூ கொடுத்தேன், ஒன்றுக்கு இரண்டாக.

"மிஸ், இதோட ஆப்பிள் கடிக்கலாமா?"

"வெட்டித் தின்னு. கல்யாணத்துக்கு என்னக் கூப்புடுவியா?"

"ஐயோ, கூப்புடாமயா? நீங்கதான் மிஸ் மொதல் ஆளு."

நல்ல பிள்ளை. எனக்கே சந்தோசமாக இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். செட் இல்லாமல் ஒரு படம் அன்றே எடுத்தது, செட்டோடு இன்று ஒன்று. இரண்டையும் ஏற்றி "முடிந்தது" அழுத்தினேன். போய்விட்டது.

நாளை: கையுறை, பஞ்சு, ஏசிக்காரனுக்கு மறுபடி கோல்.

ஜூன் 13, வெள்ளி

கதவு திறக்கும்போதே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. புவனேஸ்வரி. குரல் அடையாளமே தெரியவில்லை.

"மிஸ், என்னாத்த அனுப்புனீங்க?"

"ஒன் ஃபைலு. ஏன்?"

"அது அத்தைக்குப் போயிருச்சு மிஸ்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுது அழுது சொன்னாள். மாப்பிள்ளை ஃபோனைக் கொடுக்கும் முன்பே அதிலுள்ள வாட்ஸ்அப்பைத் தன் தாயின் ஃபோனிலும் சேர்த்து வைத்துவிட்டானாம். இவளுக்கு வருவதெல்லாம் அங்கேயும் வரும். இவளுக்கே நேற்றுத்தான் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் அந்த மனுசி இவளுக்குக் கோல் எடுத்து, நான் எழுதியதை முதலிலிருந்து வாசித்திருக்கிறாள். அந்தப் பக்கம் வீடு நிறைய ஆட்கள். பொக்கை வாய்ப் படத்தை யாரோ கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தது இவளுக்குக் கேட்டதாம்.

"அழிச்சிருங்க மிஸ். ஒங்களக் கும்புடுறேன்."

"போனது போனதுதான். இங்க இருந்து அழிக்க ஏலாது."

"நான் எழுதாதீங்கன்னுதானே சொன்னேன்?"

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்: "ஒன் நம்பரான்னு நான் கேட்டேன்தானே? ஒன் ஃபோன்ல என்ன நடக்குதுன்னு ஒனக்கே தெரியாதா?"

வைத்துவிட்டாள்.

டொக்டரிடம் சொன்னேன். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நம்பர் அவள் கொடுத்ததுதானே? சம்மதம் டிக் இருக்கிறதுதானே? அப்படியென்றால் நம் பக்கம் பிழை இல்லை." இன்னொரு வடை. டிக் போட்டது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும். உள்ளதைச் சொன்னால் பயம்தான் கூட.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். முழங்காலில் இருந்தேன், ஜெபம் வரவில்லை. புவனேஸ்வரி நம்பருக்கு எடுத்தேன், ஓஃப். மறுபடி, ஓஃப். கல்யாணம் நின்றிருக்கும். என்னால்தான். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டிருந்தால் தேவலை.

ஜூன் 16, திங்கள்

மறுபடி காற்று. பெஞ்சு நிறைய ஆட்கள்.

பத்து மணி வாக்கில் ஒரு அம்மா. நல்ல சேலை, கறுப்பு ஹேண்ட்பேக், மரியாதையான பேச்சு. பின்னால் புவனேஸ்வரி. தாய் வரவில்லை.

"மிஸ், நான் இவளுக்கு மாமியாரா வரப்போறவ."

கல்யாணம் நிற்கவில்லை! எனக்கு உயிர் வந்தது. கர்த்தரே என்று மனதுக்குள் சொன்னேன். உட்காரச் சொன்னேன். என் கதிரையையே கொடுத்தேன்.

"நீங்கதான் எழுதுனதா? ஒன்னுவிடாம எழுதியிருக்கீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

"அது வந்துங்க..."

"வேற எடமா இருந்தா நிப்பாட்டியிருப்பாங்க மிஸ். எங்க வீட்டு ஆம்பளைங்களும் அதத்தான் சொன்னாங்க. நான்தான் மகன்கிட்ட சொன்னேன், அட நல்லதுதான்டா. அப்பன்கிட்டயே அடி வாங்கிப் பழகுன புள்ள. நம்ம வீட்டுக்கு வந்து புதுசா ஒன்னும் பழக்க வேண்டியதில்லேன்னு."

சிரித்தாள். பெஞ்சில் யாரோ கூடச் சிரித்தார்கள். புவனேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய வரி. என் எழுத்தில்தான் அந்த அம்மாவுக்கு அது கிடைத்தது.

பிறகு அந்த அம்மா திரும்பாமலே சொன்னாள். "கழட்டு."

புவனேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் டெப்பைப் பார்த்தேன்.

"கழட்டுடி. ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

கழற்றினாள். எச்சிலைத் தாவணியில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். உதடு உள்ளே போய், முகமே வேறு முகம்.

"தாலி கட்டுறன்னைக்கி, படம் புடிக்கிற நேரம் குடுப்பேன் மிஸ். மத்த நேரம் எங்கிட்ட இருக்கட்டும். சிரிக்கிற வேலையெல்லாம் எங்க வீட்டுல இல்ல. இத வைக்க ஒரு டப்பா இருந்தாத் தாங்க, பேக்குல சும்மா போட்டா ஒடஞ்சிரும்."

டப்பா முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இது நோயாளியுடைய பல், உங்களிடம் கொடுக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். உள்ளே டொக்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுமாரியைத் திறந்தேன். நீல டப்பா. எடுத்துக் கொடுத்தேன். எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன், வாய் தானாகச் சொன்னது: "தண்ணி ஊத்தி வைங்க. காஞ்சா வளைஞ்சிரும்."

"ரொம்ப நன்றி மிஸ். நீங்களும் கல்யாணத்துக்கு வரணும்."

மூடி, ஹேண்ட்பேக்கில் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

கதவருகே புவனேஸ்வரி நின்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தாய் வளர்த்த வளர்ப்பு, "போய்ட்டு வாறேன் மிஸ்" என்றாள். அந்த இரண்டு பல் இல்லாமல் அவளுக்கு "மிஸ்" சரியாக வரவில்லை.