பவுனு நிக்கிற சூளை வாசல்

17.7.2006, திங்கள்

கயலு குட்டி, நீ காய்ச்சல்ல போயி நாப்பத்தோரு நாளு. பீங்கான் கம்பெனியில பொம்மைக்குக் கண்ணு எழுதுறப்ப அம்மாவுக்கு உன் நெனப்புதான். ஒரு புள்ளையாருக்கு ஒன்னரைக் கண்ணு. சூப்பர்வைசர் கிளமெண்ட் சார் திட்டலை, தொடைச்சிட்டு வெச்சாரு.

சாயந்திரம் உன் பெரியப்பா கோவிந்தராசு வந்தாரு. ஆடி ரெண்டாம் வெள்ளி பம்பைக்காரரை வெச்சி உன்னைப் பூவாடைக்காரியா அழைக்கணுமாம், வூட்டு சாமியா உக்கார வைக்கணுமாம். சரின்னேன்.

"கயலு போட்ட படக்கதை நோட்டை அன்னிக்கே கொளுத்திடணும் அம்சா. பொம்பளப் புள்ள முனியையும் பேயையும் படம் போட்டா, அது வூட்டுக்கு வராம என்னா பண்ணும்? வெறும் காய்ச்சலா அது?"

இன்னும் பதினோரு நாளு.

19.7.2006

நோட்டைப் பாத்தேன். முன்னெல்லாம் அதைப் புடுங்கினது உன்னை அடிக்கிறதுக்குத்தான்.

உன் கதையில பவுனுன்னு ஒருத்தி. நம்ம பம்பைக்காரரு பழமலை மாதிரியே டி.வி.எஸ்ல போறா. பின்னாடி பம்பை, இடுப்புல செல்லு. பாலக்கரை டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற முனியை அடிச்சி எழுப்பி, "ஊருக்குப் போய்ச் சேரு"ன்னு பஸ் ஏத்தி வுடுறா. சிரிச்சிட்டேன்டி. பயமாப் போச்சு, உடனே வாயைப் பொத்திக்கிட்டேன்.

கடைசிப் பக்கத்துல பவுனு நம்ம கம்பெனி சூளை வாசல்ல நிக்கிறா. உள்ளேர்ந்து ஏதோ கூப்பிடுது. அடுத்த கட்டம் காலி.

இதை வரைஞ்சதாலதான் போனியா? இல்ல - நான் அடிச்சதாலயா?

22.7.2006

உன் பெரியப்பாகிட்ட கெஞ்சினேன். "நோட்டு இருந்துட்டுப் போவட்டும் மாமா."

"எம் பேரப்புள்ளைங்க இந்த வூட்லதான் தவழணும். அதுங்களுக்கு ஒன்னு ஆனா நீ பதில் சொல்லுவியா?"

அவரும் பயந்துதான் கெடக்குறாரு.

24.7.2006

கம்பெனியில ஓரம் கோணின பீங்கான் தட்டு பன்னெண்டு கேட்டு வாங்கினேன். சூளையில ஒரு தடவை மட்டும் சுட்டது.

"என்னம்மா வரையப் போறீங்க, மயிலா?"

"பேயி சார்."

கிளமெண்ட் சார் சிலுவை போட்டுக்கிட்டாரு. தட்டைத் திருப்பி வாங்கலை.

26.7.2006

நோட்டைப் பாத்து உன் படத்தைத் தட்டுல நீலத்துல எழுதுறேன். கண்ணு மட்டுமே எழுதிப் பழகின கை.

எட்டாவது தட்டுலதான் தெரிஞ்சுது. பவுனு இடது மணிக்கட்டுல சூட்டுத் தழும்பு. என் கையில இருக்கிற அதே தழும்பு. எல்லாக் கட்டத்துலயும் போட்டிருக்க.

27.7.2006

தட்டெல்லாம் சூளைக்குள்ள. வாசலை அடைச்சாச்சு. கோணல் தட்டு வெடிக்கலாம்னு கிளமெண்ட் சார் சொல்லிட்டாரு. திங்கக்கிழமைதான் தொறப்பாங்க.

28.7.2006, வெள்ளி

பம்பை அடிச்சாங்க. உன் பெரியம்மா பாஞ்சாலை மேல நீ வந்தே. மல்லி கேட்டே. குடுத்தோம். அந்தக் காலிக் கட்டத்தைப் பத்திக் கேக்கணும்னு இருந்தேன் - அத்தினி சனத்துல வாய் வரலை.

பழமலை நோட்டைப் பொரட்டிப் பாத்தாரு. "அடப் பாவி மவளே, எம் மூக்கு இவ்ளோ பெருசா?" எல்லாரும் சிரிச்சாங்க. உன் பெரியப்பா சிரிக்கலை.

நோட்டை நெருப்புல நானே போட்டேன். என் கையால.

தட்டு வெடிச்சிருந்தா?

30.7.2006

சூளை இன்னும் ஆறலையாம்.

31.7.2006

மூணு வெடிச்சிருந்துது. ஒம்போது முழுசா இருக்குது. நீலத்தை நகத்தால சுரண்டினேன். வரலை.

பையில இருந்த தட்டுங்களை உன் பெரியப்பா பாத்துட்டாரு. ஒரு தட்டை எடுத்து, "இது பழமலை மூக்குதானே"ன்னாரு. அப்புறம், "புள்ளைங்க கைக்கு எட்டாம மேல வை."

கடைசித் தட்டுல அந்தக் காலிக் கட்டத்தைக் காலியாவே வுட்டிருக்கேன். மேல எழுதி இன்னொரு தடவை சூளையில சுடலாம்னு கிளமெண்ட் சார் சொல்றாரு. பிரஷ்ஷும் நீலமும் எதிர்ல இருக்குது. என் தழும்போட பவுனு அந்த வாசல்லயே நிக்கிறா.

உள்ளேர்ந்து கூப்பிட்டது யாரு, கயலு?